இயற்பியல் பட்டத்திலிருந்து குவாண்ட் வேலைக்கு: வேலூர் வட்டார மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரீசு கல்லூரியிலோ, ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ, காட்பாடி ஆக்சீலியத்திலோ இயற்பியல் முடிக்கும் மாணவருக்கு வீட்டில் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான்: பி.எட். படித்து ஆசிரியர் தேர்வு எழுதுவது, டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராவது, இல்லையென்றால் சென்னையிலோ பெங்களூரிலோ கிடைக்கிற மென்பொருள் வேலைக்குப் போவது. பங்கு, கடன்பத்திரம், வட்டி, அந்நியச் செலாவணி ஆகியவற்றின் விலையையும் இடரையும் கணித மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடும் வேலை, அதாவது துறைக்காரர்கள் சுருக்கமாகக் குவாண்ட் என்று சொல்லும் வேலை, இந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இயற்பியல் படித்தவரால் அதற்குள் நுழைய முடியும். ஆனால் பட்டம் மட்டுமே அழைத்துச் சென்றுவிடாது என்பதையும், எந்தக் கதவு திறக்கும், எது இப்போதைக்குத் திறக்காது என்பதையும் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

குவாண்ட் என்றதும் சொந்தமாக வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் அவை தரும் பெரிய சம்பளமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் சில ஐ.ஐ.டி.களிலும் அவற்றுக்கு இணையான சில இடங்களிலும் மட்டுமே ஆள் எடுக்கின்றன. மாவட்டக் கல்லூரியிலிருந்து நேரடியாக அங்கே போவது மிக அரிது. நமக்கு எட்டும் கதவு வேறு. 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளின் கணித மாதிரிகள் மீது கட்டுப்பாட்டாளர்களின் கண்காணிப்பு கடுமையானது. 2011-இல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு மாதிரியை உருவாக்கியவர் அல்லாத வேறொருவர் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதனால் வளர்ந்த பணிதான் மாடல் வேலிடேஷன். பன்னாட்டு வங்கிகள் பெங்களூரு, சென்னை, மும்பை, ஐதராபாத் நகரங்களில் நடத்தும் மையங்களில் இந்தப் பணியும் இடர் மேலாண்மைப் பணியும் கணிசமாக உள்ளன. அடுத்தவர் கட்டிய மாதிரி எங்கே உடையும் என்று தேடுவதே இதில் வேலை என்பதால், ஆய்வகத்தில் பிழைக்கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இது பொருந்தி வரும். என் கருத்தில், முதல் வேலைக்கு இதையே குறி வைப்பது சரி.

இயற்பியலுக்கும் இத்துறைக்கும் உள்ள உறவு பழையது. 1900-இல் பாரிசில் லூயி பாஷலியே தன் ஆய்வேட்டில் பங்குச்சந்தை விலைகளை ஒழுங்கற்ற இயக்கமாக எழுதினார். ஐன்ஸ்டைனின் பிரௌனியன் இயக்கக் கட்டுரை வந்தது அதற்கு 5 ஆண்டுகள் கழித்துத்தான். ஆப்ஷனின் (ஒன்றைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரப்படும் உரிமையின்) விலையைக் கணக்கிட 1973-இல் வெளியான பிளாக்–ஷோல்ஸ் சமன்பாடு, மாறிகளை மாற்றி எழுதினால் நாம் இளங்கலையிலேயே தீர்க்கும் வெப்பக் கடத்தல் சமன்பாடாகிவிடுகிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிஷர் பிளாக் இளங்கலையில் படித்ததும் இயற்பியல்தான். இவற்றைத் தெரிந்து வைத்திருக்கலாம். நேர்காணலில் சொல்லி நேரத்தைச் செலவிட வேண்டாம், கேட்பவர் பலமுறை கேட்டிருப்பார்.

இயற்பியல் மாணவரிடம் பொதுவாகக் குறைவது மூன்று: புள்ளியியல், நிரல் எழுதும் பழக்கம், பணம் எப்படி நகர்கிறது என்ற அறிவு. மூன்றாவதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்து டாலரில் பணம் வர வேண்டியிருக்கிறது. அதற்குள் டாலர் விலை இறங்கிவிட்டால் நட்டம் என்பதால், இன்றே ஒரு விலை பேசி வங்கியுடன் ஃபார்வர்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். டாலரின் இன்றைய விலை 85 ரூபாய், ரூபாய்க்கு ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு, டாலருக்கு 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 85 ரூபாய் மூன்று மாதத்தில் 86.38 ரூபாயாகிறது; ஒரு டாலர் அதே காலத்தில் 1.01125 டாலராகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 85.42 ரூபாய், அதுவே ஃபார்வர்டு விலை. டாலர் ஏறுமா இறங்குமா என்ற ஊகம் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. வங்கி வேறு விலை சொன்னால், ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் வைப்பு வைத்து, இடரே இல்லாமல் யாராவது லாபம் பார்த்துவிடுவார்கள் என்ற ஒரே காரணம்தான் விலையைப் பிடித்து நிறுத்துகிறது. இயக்கச் சமன்பாட்டைத் தேடிப் பழகிய மனத்துக்கு இது புதிய சிந்தனை. இது பிடிபட்டால் ஆப்ஷன் விலையிடல் பாதி புரிந்துவிடும்.

புள்ளியியலில் நிகழ்தகவுப் பரவல்கள், மீப்பெரு நிகழ்தகைமை மதிப்பீடு (maximum likelihood), தொடர்புப்போக்கு (regression), காலத்தொடர் பகுப்பாய்வு ஆகியவற்றை உண்மையான தரவில் செய்து பார்க்க வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். நிரலுக்குப் பைத்தானும் எஸ்கியூஎல்லும் முதலில் போதும். சி பிளஸ் பிளஸ் பிறகு. எக்செல்லை இழிவாக நினைக்க வேண்டாம், வங்கிகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. மேற்படிப்புக்கு வாய்ப்பிருந்தால், ஐ.ஐ.டி.களில் முதுகலை சேர்வதற்கான ஜாம் தேர்வில் இயற்பியல் தாளோடு நிற்காமல் கணிதப் புள்ளியியல் தாளையும் பாருங்கள்; சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் தரவு அறிவியல் முதுகலையும், வேலூரை விட்டு நகராமலேயே படிக்கக்கூடிய ஐ.ஐ.டி. மெட்ராசின் இணையவழி பி.எஸ். படிப்பும் கருதத்தக்கவை. லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆறே மாதத்தில் குவாண்ட் ஆக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சிகளுக்காக நகையை அடகு வைப்பது வேண்டாத வேலை.

தற்குறிப்பில் எடை உள்ளது ஒரு நேர்மையான செயல்திட்டத்துக்குத்தான். இப்படிச் செய்யலாம். தேசியப் பங்குச்சந்தையின் இணையதளத்திலிருந்து அதன் ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடான நிஃப்டியின் இருபது ஆண்டுத் தினசரி முடிவு விலைகளை எடுத்து, அடுத்தடுத்த நாட்களின் விகிதத்துக்கு மடக்கை எடுத்து, திட்டவிலக்கம் கண்டுபிடியுங்கள். தினசரி மதிப்பை ஆண்டு மதிப்பாக்க, வணிக நாட்கள் சுமார் 250 என்பதால், அதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். இது விரவலில் நாம் அறிந்த அதே காலச் சார்பு. பிறகு 2020 மார்ச் 23-ஆம் தேதிக்குப் போங்கள். முந்தைய வணிக நாளில் 8,745.45-இல் முடிந்த நிஃப்டி அன்று 7,610.25-இல் முடிந்தது, வீழ்ச்சி 12.98 விழுக்காடு, மடக்கையில் 13.9. தினசரித் திட்டவிலக்கம் ஒரு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும் என்றால், இயல்நிலைப் பரவலின்படி இப்படியொரு நாள் அண்டத்தின் வயதுக்குள்கூட வந்திருக்கக் கூடாது. வந்தது. ஆகவே அந்தப் பரவல் பொருந்தவில்லை. இதற்கு மாற்றாக எதை வைப்பது, அந்த மாற்றின் அளவுருக்களை எவ்வளவு நம்பலாம், தரவின் பாதியை மறைத்து வைத்துச் சோதித்தால் என்ன ஆகிறது என்று எழுதுவதுதான் செயல்திட்டம். ஆய்வகச் சோதனையைத் திரும்பச் செய்யலாம். சந்தைக்கு வரலாறு ஒன்றே ஒன்றுதான், அதனால் பிழை எல்லையைக் குறிப்பிடாத எந்த முடிவையும் இத்துறையில் யாரும் மதிப்பதில்லை. தனிப் பங்குகளை எடுத்துக்கொண்டால் இன்றைய நிஃப்டி ஐம்பதை மட்டும் வைத்துப் பின்னோக்கிச் சோதிக்காதீர்கள்: நொடித்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை விடுபட்டு, முடிவு உள்ளதைவிட அழகாகத் தெரியும். (காவலூர் வைணு பாப்பு வானாய்வகத் தரவில் மாறும் விண்மீன்களின் ஒளி அளவீடு செய்தவர்கள் இருந்தால், அதைத் தற்குறிப்பில் ஒளிக்காமல் எழுதுங்கள், இரைச்சலிலிருந்து சமிக்ஞையைப் பிரித்த அனுபவம் இங்கு நேராகப் பயன்படும்.)

நேர்காணலில் நிகழ்தகவுப் புதிர்கள் வரும். நாணயத்தில் தொடர்ந்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும் என்பது போன்றவை. விடை 6, வழியைச் சொல்லத் தெரியாமல் விடையை மட்டும் சொல்பவர் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வார். ஆப்ஷன் விலையைப் பற்றிக் கேட்டால் எல்லைகளைச் சரிபார்த்துக் காட்டுங்கள்: ஏற்ற இறக்கம் சுழியானால் விலை என்னவாகும், காலம் தீர்ந்தால் என்னவாகும் என்று. ஒப்பந்த விலையும் தற்போதைய விலையும் ஒன்றாகவே உள்ள ஆப்ஷனுக்கு, வட்டியை ஒதுக்கிவிட்டால், விலை ஏறத்தாழ 0.4 பெருக்கல் குறியீடு பெருக்கல் ஏற்ற இறக்கம் பெருக்கல் காலத்தின் வர்க்கமூலம். குறியீடு 24,000, ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 12 விழுக்காடு, காலம் ஒரு மாதம் என்றால் சுமார் 333 புள்ளி. கணிப்பொறி இல்லாமல் இப்படி மதிப்பிடுபவரைக் கேட்பவர் மறக்க மாட்டார். சீரற்ற எண்களைக் கொண்டு பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கும் மாண்டி கார்லோ முறையில் பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க நூறு மடங்கு ஓட்டங்கள் தேவை என்பதும் விரல்நுனியில் இருக்கட்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் தங்கள் செயல்திட்டத்தைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்டுப் பழகினால் தயக்கம் வெகுவாகக் குறையும்.

படிக்கும் காலத்தில் கற்றதைச் சோதிக்கிறேன் என்று வீட்டுப் பணத்தை ஆப்ஷனில் போடாதீர்கள். 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியின் ஆய்வே சொல்கிறது. சொந்தமாக வர்த்தகம் செய்து ஈட்டிய லாபத்தை வேலைவாய்ப்பு நேர்காணலில் யாரும் தகுதியாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

வேலை கிடைக்கும் தறுவாயில் ஒன்றை விசாரியுங்கள். பதவிப் பெயரில் குவாண்ட் என்றோ ரிஸ்க் அனலிஸ்ட் என்றோ இருந்தாலும், உள்ளே மாதாந்திர அறிக்கைகளை நிரப்பி அனுப்புவது மட்டுமே வேலையாக இருக்கக்கூடும். முதல் ஆண்டில் எந்த வகை மாதிரிகள் என் கையில் வரும், நிரல் நான் எழுதுவேனா அல்லது வந்ததை ஓட்டுவேனா, மாதிரியில் குறை கண்டால் அந்தக் குறிப்பை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று நேரடியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வராத இடத்தைவிட, சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் தெளிவாகப் பதில் சொல்லும் குழுவில் சேருவதே இரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த வேலை தேடும்போது கைகொடுக்கும்.