‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’: கண்டி என்ற வினையைச் சரியாகக் கையாளும் முறை

பிழை திருத்துவது என் வேலை. என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பாதியாவது ‘கண்டிக்கிறோம்’ என்று முடியும். எழுதியவர்களின் கோபம் நியாயமானதாகத்தான் இருக்கும். ஆனால் சொல் தவறிப்போவதால் அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேராது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கேட்பதில்லை. முதன்முதலாக ஒரு கண்டனக் கடிதமோ அறிக்கையோ எழுத உட்காருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருந்தது. திடீரென்று ஒரு நாள் ஐந்து மணிக்கே பூட்டிவிட்டார்கள். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. வாசகர்கள் கூடி ஒரு வரி எழுதுகிறார்கள்:

“நூலக நிர்வாகம் வண்மையாக கண்டிக்கின்றோம்.”

இந்த ஒரே வரியில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

படி 1: சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்டித்தல் என்றால் முதற்பொருள் வெட்டுதல், துண்டித்தல். ‘கண்டதுண்டமாக வெட்டினான்’ என்கிறோமே, அந்தக் கண்டமும் இதுவும் ஒரே வேர். வடமொழியிலிருந்து வந்த சொல். வாதத்தில் எதிராளியின் கருத்தை வெட்டிப் பேசுவதற்குக் கண்டனம் என்று பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் தமிழில் சமய வாதங்கள் சூடுபிடித்தபோது கண்டனம், மறுப்பு என்ற பெயர்களில் நூல்கள் மாறிமாறி வெளிவந்தன. அங்கிருந்துதான் ‘ஒரு செயல் தவறு என்று பலரறியக் கடுமையாகச் சொல்லுதல்’ என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

வீட்டில் இதே சொல் வேறு திசையில் ஓடுகிறது. ‘பிள்ளையைக் கண்டித்து வளர்க்க வேண்டும்’ என்றால் பெரியவர் சிறியவரைத் திருத்துவது. ‘கண்டிப்பான ஆசிரியர்’ என்பதும் அப்படித்தான். ‘கண்டிப்பாக வருகிறேன்’ என்னும்போது கோபமே இல்லை. ‘நிச்சயமாக’ என்றுதான் பொருள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று பேசுவதன் சாயல் அதில் இருக்கிறது. ஆகவே பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. பொது எதிர்ப்புக்குக் கண்டனம், ஒழுங்குக்குக் கண்டிப்பு. ‘எங்கள் கண்டிப்பைத் தெரிவிக்கிறோம்’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார்.

படி 2: யார், யாரை? வேற்றுமை உருபைப் பாருங்கள்

கண்டி செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘ஐ’ உருபு இல்லாமல் அது நிற்காது. ‘நிர்வாகம் கண்டித்தது’ என்றால் கண்டித்தவர் நிர்வாகம். ‘நிர்வாகத்தைக் கண்டித்தது’ என்றால் கண்டனத்துக்கு ஆளானவர் நிர்வாகம். ஒரே ஓர் உருபு விடுபட்டதும் குற்றம் சாட்டுபவரும் சாட்டப்படுபவரும் இடம் மாறிவிடுகிறார்கள். அந்த ‘ஐ’க்குப் பின் ‘க்’ மிகும்: நிர்வாகத்தைக் கண்டிக்கிறோம். ‘நிர்வாகத்தை கண்டிக்கிறோம்’ என்று ஒற்று இல்லாமல் எழுதுவது இன்று பரவிக் கிடக்கிறது. பொருள் கெடாது, ஆனாலும் பிழை பிழைதான்.

படி 3: ஆளை விட்டுச் செயலைப் பிடியுங்கள்

நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் படியைத்தான். இலக்கணப்படி ‘நிர்வாகத்தைக் கண்டிக்கிறோம்’ சரியான வாக்கியம். ஆனால் எதற்காகக் கண்டிக்கிறீர்கள்? படிப்பவருக்குத் தெரியாது. நிர்வாகமும் ‘இவர்களுக்கு எங்கள்மேல் ஏதோ கோபம்’ என்று கடந்துபோய்விடும். மாறாக, ‘முன்னறிவிப்பின்றி மாலை நேரத்தைக் குறைத்ததைக் கண்டிக்கிறோம்’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். நேரத்தைக் குறைக்கவில்லை என்று மறுக்க முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்தோம் என்றும் சொல்ல முடியாது.

நாடாளுமன்ற நடைமுறையிலும் இந்தக் கருத்து இருக்கிறது. இந்திய மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர எந்தக் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. கண்டனத் தீர்மானத்தில் அப்படி இல்லை. எதற்காகக் கண்டனம் என்பதைத் தீர்மானத்திலேயே குறிப்பிட்டாக வேண்டும்.

செயலைப் பெயராக்குவது எளிது. குறைத்தது, தாக்கியது, மறுத்தது போன்ற வடிவங்களோடு ‘ஐ’ சேருங்கள்: குறைத்ததை, தாக்கியதை, மறுத்ததை. அல்லது ஒரு பெயர்ச்சொல்லே கிடைக்கும்: கட்டண உயர்வை, நேரக் குறைப்பை, பணிநீக்கத்தை. ‘செயல்பாடுகளைக் கண்டிக்கிறோம்’, ‘போக்கைக் கண்டிக்கிறோம்’ போன்ற மொத்தையான சொற்களை நான் எப்போதும் அடித்துவிட்டு, ‘எந்தச் செயல்?’ என்று ஓரத்தில் எழுதி அனுப்புவேன்.

படி 4: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

‘கண்டிக்கிறேன்’ என்று சொன்ன கணத்திலேயே கண்டித்தாகிவிட்டது. வாழ்த்துகிறேன், வேண்டுகிறேன் போன்ற வினைகளுக்கும் இந்தத் தன்மை உண்டு, சொல்வதே செய்வது. அதனால் அறிக்கைக்கு நிகழ்காலம். செய்திக்கு இறந்தகாலம்: ‘வாசகர்கள் கண்டித்தனர்’. எதிர்காலத்தில் ‘கண்டிப்போம்’ என்று எழுதினால் இன்னும் கண்டிக்கவில்லை என்றாகிறது. இனி நடந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்ற எச்சரிக்கையாக மட்டும் அது நிற்கும். நூலகத்தை ஏற்கெனவே பூட்டிவிட்டார்களே!

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘எங்கள் கண்டனத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்ற நீட்டலை நான் விரும்புவதில்லை. நன்றியும் வாழ்த்தும் தெரிவித்துக்கொள்வதற்கு உரிய பணிவு அது. கோபத்தோடு அது ஒட்டாது. ‘கண்டிக்கிறோம்’ என்ற ஒற்றை வினை அதைவிட நிமிர்ந்து நிற்கிறது.

படி 5: ‘கண்டித்து’ என்ற எச்சத்தைப் பழகுங்கள்

சுவரொட்டியிலும் தலைப்பிலும் அதிகம் புழங்கும் வடிவம் இது: ‘கட்டண உயர்வைக் கண்டித்து ஆர்ப்பாட்டம்’. பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கண்டித்துப் போராட்டம், கண்டித்துத் தீர்மானம். தலைப்பில் முற்றுவினை இல்லாமல் விடலாம். முழு வாக்கியம் எழுதும்போது கண்டித்தவர் யார் என்பது தெரிய வேண்டும். ‘கண்டித்து ஆர்ப்பாட்டம் நடைபெற்றது’ என்றால் கண்டித்தது ஆர்ப்பாட்டமா? ‘நேரக் குறைப்பைக் கண்டித்து வாசகர்கள் ஆர்ப்பாட்டம் நடத்தினர்’ என்றால் ஐயத்துக்கே இடமில்லை.

படி 6: அடைமொழியும் எழுத்துப்பிழையும்

‘வண்மையாக’ என்று மூன்று சுழி ‘ண’ போட்டு எழுதுகிறார்களே, வண்மை என்றால் கொடைத்தன்மை, வளம். வள்ளல்களுக்கு உரிய சொல். ‘வண்மையாகக் கண்டிக்கிறோம்’ என்றால் தாராளமாகக் கண்டிக்கிறோம் என்றாகிவிடும்! நமக்கு வேண்டியது வன்மை, அதாவது வலிமை. ‘வன்’ என்பதற்கு இரண்டு சுழி. வன்முறை என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. கண்டனம் என்பதிலும் கடைசியில் இரண்டு சுழி ‘ன’தான், கண்டணம் என்று ஒரு சொல் இல்லை.

கண்டிக்கத்தக்கது என்பதில் நடுவே ‘த்’ விடுபடக் கூடாது. கண்டனத்துக்குரியது என்றும் எழுதலாம், பொருள் ஒன்றே.

‘மிக மிக வன்மையாக’ என்று அடுக்க வேண்டாம். ஒரு வன்மை போதும்.

படி 7: இந்த இடத்துக்குக் கண்டிதான் பொருத்தமா?

எல்லா எதிர்ப்புக்கும் இந்தச் சொல் பொருந்தாது. ஒரு கூட்டத்தில் நடைமுறை சரியில்லை என்று எழுந்து சொன்னால் அது ஆட்சேபித்தல். இன்னும் நடக்காத ஒன்றை வேண்டாம் என்றால் எதிர்த்தல். நடக்காததைக் கண்டிக்க முடியாது. வீட்டில், நட்பில், நேருக்குநேர் கோபித்தால் கடிந்துகொள்ளுதல். செய்தித்தாள்களுக்குப் பிடித்த சாடுதலுக்கு மோதுதல், உதைத்தல் என்ற பழம்பொருள் உண்டு. அது பேச்சின் வேகத்தைக் காட்டும் சொல். ‘கடுமையாகச் சாடினார்’ என்று அடுத்தவரைப் பற்றி எழுதலாம், ‘நான் சாடுகிறேன்’ என்று யாரும் அறிக்கை விடுவதில்லை.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இடித்துரைத்தல். மேலிடத்தில் இருப்பவருக்கு அருகில் நின்று, அவர் நன்மைக்காகவே, வலிக்கும்படி எடுத்துச் சொல்வது. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்’ என்கிறது குறள் (448). இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர் தேவையில்லை, தானே கெடுவான். நூலகருக்கு நெருங்கிய ஒருவர் தனியாகப் போய்ப் பேசினால் அது இடித்துரைத்தல். அப்படிப் பேசியும் பலனில்லாமல் போன பிறகு பலரறியச் சொல்வது கண்டித்தல்.

இப்போது நம் வாசகர்களின் வரிக்குத் திரும்புவோம். ‘நிர்வாகம்’ செயலாக மாறியது, வண்மை வன்மையானது, ஒற்றுகள் வந்து சேர்ந்தன. கோரிக்கை ஒன்றையும் கீழே சேர்த்தேன்:

“நூலகத்தின் மாலை நேரத்தை முன்னறிவிப்பின்றி ஏழு மணியிலிருந்து ஐந்து மணியாகக் குறைத்ததை வன்மையாகக் கண்டிக்கிறோம். வேலை முடிந்து வரும் வாசகர்களுக்கு நூலகக் கதவே இதனால் மூடப்பட்டுவிட்டது. பழைய நேரத்தையே மீண்டும் நடைமுறைப்படுத்தக் கோருகிறோம்.”

தேதி போட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுங்கள்.