‘பொஸ்பரஸ் 0.06’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

யூன் பிறந்தால் போதும், ஸ்காபரோ கரையிலிருந்து ஹாமில்டன் வரை ஒன்ராறியோ ஏரியோரம் ஏரித் தண்ணீரின் தரத்தை அளக்கப் போத்தலும் ஐஸ் பெட்டியுமாகப் புதுத் தொண்டர்கள் இறங்கிவிடுவார்கள். நல்ல விஷயம்தான், அதில் நம் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் இலையுதிர் காலத்தில் அவர்கள் அனுப்பும் எக்செல் கோப்புகளைத் திறக்கும்போது, இந்த வேலையில் இருக்கிற பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகள் வரிசை தப்பாமல் வந்து நிற்கின்றன. போத்தலில் பெயர் ஒட்டு, உயிர்காப்பு அங்கி போடு, மூடியின் உட்பக்கத்தைத் தொடாதே என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள், அதற்குள் நான் போகவில்லை. தண்ணீரை எடுத்த பிறகு, எண்ணாக மாற்றி அடுத்தவரிடம் கொடுக்கும் வழியில் கெட்டுப்போகிறவற்றைத்தான் பெரும்பாலும் சொல்லப்போகிறேன்.

எந்தப் பொஸ்பரஸ் என்று எழுதாமல் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு குழு, பெயர் வேண்டாம். ஒரு ஆற்று முகத்துவாரத்தில் பல கோடைகளாக ஒழுங்காக மாதிரி எடுத்து வந்தார்கள். கோப்பில் ஒரு நிரல், தலைப்பு ‘பொஸ்பரஸ்’ (ஏரியில் பாசியை வளர்க்கும் சத்து), அலகு லீற்றருக்கு மில்லிகிராம், அவ்வளவுதான். முதல் சில வருடங்கள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். பிறகு செலவு கட்டுப்படியாகாமல் ஒரு கைக்கருவி வாங்கினார்கள். வாங்கிய கோடையிலேயே எண்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டன. மேலே புதிதாக வீடு கட்டுகிறார்கள், அங்கிருந்துதான் வருகிறது என்று நகரசபைக்குக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது.

தண்ணீரில் எதுவும் மாறவில்லை. ஆய்வுகூடம் கரைந்த பொஸ்பேட்டைப் ‘பொஸ்பரஸாக’ கணக்கிட்டுக் கொடுத்தது, கைக்கருவி அதையே ‘பொஸ்பேட்டாக’ காட்டியது. பொஸ்பேட்டில் ஒரு பொஸ்பரஸ் அணுவோடு நான்கு ஒட்சிசன் அணுக்களின் எடையும் சேர்கிறது, அதனால் ஒரே தண்ணீருக்கு இரண்டாவது எண் சுமார் 3.07 மடங்கு பெரிதாக வரும். 0.06 என்று கருவி காட்டினால் பொஸ்பரஸாக அது 0.02-க்கும் சற்றுக் குறைவு. ஒன்ராறியோ மாகாணம் ஏரிகளுக்கு வைத்திருக்கும் இடைக்கால இலக்கு லீற்றருக்கு 20 மைக்ரோகிராம், அதாவது இதே 0.02. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாதவருக்கு இலக்கைப் போல மூன்று மடங்கு பொஸ்பரஸ் தெரியும்.

சரி, மூன்றால் வகுத்துவிட்டால் தீர்ந்ததா? இல்லை. அந்த 20 மைக்ரோகிராம் என்பது மொத்தப் பொஸ்பரஸுக்கானது. மண் துகளில் ஒட்டியிருப்பது, பாசிக்குள் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். கைக்கருவி காட்டுவதோ உடனே வினைபுரியும் பகுதியை மட்டும்தான். ஆகவே இலக்கைத் தாண்டிவிட்டது என்றும் சொல்ல முடியாது, இலக்குக்குள் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. (இவ்வளவு சிறிய அளவில் அந்தக் கருவியை நம்பலாமா என்பது வேறு கதை.) அத்தனை கோடைக் காலை நேரங்களும் அந்த ஒற்றை நிரல் தலைப்பால் ஒன்றுக்கும் உதவாமல் போயின.

இது வெறும் எழுத்து வேலைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஈரி ஏரியின் கதையைப் பார்க்க வேண்டும். 1972-இல் கனடாவும் அமெரிக்காவும் பேரேரிகளின் நீர்த்தரத்துக்காக உடன்படிக்கை செய்தன. 1978-இல் அதைப் புதுப்பித்தபோது ஈரி ஏரிக்கு வருடத்துக்கு 11,000 தொன் மொத்தப் பொஸ்பரஸ் என்று இலக்கு வைத்தார்கள். சலவைத் தூளில் பொஸ்பேட்டைக் குறைத்தார்கள், கழிவுநீர் நிலையங்களைத் திருத்தினார்கள், 1980-களில் இலக்கை எட்டவும் செய்தார்கள், ஏரியும் தெளிந்தது. பிறகு 1990-களின் நடுவிலிருந்து பச்சைப் பாசிப் படலம் மெல்லத் திரும்பி வந்தது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் பிடிபடவில்லை, ஏனென்றால் அது பெரிதாகக் கூடவில்லை. கூடியது பாசி நேரே உறிஞ்சக்கூடிய கரைந்த பொஸ்பரஸ். ஒகாயோ மாநில வயல்களிலிருந்து மாமீ ஆறு வழியாக அது வந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த ஆற்றில் வாட்டர்வில் என்ற இடத்தில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தார் 1970-களின் நடுவிலிருந்து மொத்தத்தையும் கரைந்ததையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக எழுதியும் வைத்திருந்தார்கள். அவர்களும் ஒரே நிரலில் ‘பொஸ்பரஸ்’ என்று போட்டிருந்தால்?

2014 ஓகஸ்ட் தொடக்கத்தில் ஈரி ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் டொலிடோ நகரக் குடிநீரில் பாசி நஞ்சான மைக்ரோசிஸ்ரின் லீற்றருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டி, சுமார் நான்கு இலட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. கொதிக்க வைத்தும் குடிக்க முடியாது, கொதித்தால் தண்ணீர் வற்றி நஞ்சு இன்னும் செறியும். அதற்குப் பிறகு வந்த இலக்குகளில் மாமீ ஆற்றுக்கு வசந்த காலத்தில் மொத்தப் பொஸ்பரஸ் 860 தொன், கரைந்தது 186 தொன் என்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கரைந்ததை அளக்கப் போகிறீர்கள் என்றால், 0.45 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் கரையிலேயே, அப்போதே வடிகட்டுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் இரவுச் சாப்பாடு முடிந்து வடிகட்டினால், இடைப்பட்ட நேரத்தில் போத்தலுக்குள் இருக்கும் பாசியும் பக்ரீரியாவும் தங்கள் வேலையைக் காட்டியிருக்கும். பொஸ்பேட் கலந்த சோப்பால் கழுவிய போத்தல் வேண்டவே வேண்டாம். கோப்பில் வடிகட்டியதா இல்லையா என்பதற்கு ஒரு நிரல், பொஸ்பரஸாகவா பொஸ்பேட்டாகவா என்பதற்கு ஒரு நிரல், எந்த முறையில் அளந்தது என்பதற்கு இன்னொரு நிரல். கிரேட் லேக்ஸ் டேட்டாஸ்ட்ரீம் போன்ற பொதுத் தளங்களின் படிவத்தில் இவற்றுக்கென்றே இடம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டுவிட்டு, அலகு போட்டேனே அண்ணா என்று சொல்லாதீர்கள்.

நைட்ரேட்டிலும் இதே கூத்துத்தான். கனடாவின் குடிநீர் வரம்பு நைட்ரேட்டாக 45 மில்லிகிராம், நைட்ரஜனாக 10. இரண்டும் ஒரே வரம்பு. எதில் எழுதினீர்கள் என்று தெரியாவிட்டால், 12 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதா பதறுவதா?

‘அகப்படவில்லை’ என்பதைப் பூச்சியம் ஆக்குவது

சுப்பீரியர் ஏரியின் நடுத் தண்ணீரில் மொத்தப் பொஸ்பரஸ் லீற்றருக்குச் சில மைக்ரோகிராம்தான். உங்கள் ஆய்வுகூடத்தால் 20-க்குக் கீழே பார்க்க முடியாது என்றால் கோடை முழுக்க ‘20-க்குக் குறைவு’ என்றே பதில் வரும். ஒருவர் அதை 0 என்று போடுவார், இன்னொருவர் பாதியாக்கி 10 என்று போடுவார், இருவரும் குறிப்பு எழுத மாட்டார்கள். பிறகு சராசரியை எடுத்து, ஏரி முன்னேறிவிட்டது என்று சுவரொட்டி அடிப்பார்கள். மதிப்பு நிரலை வெறுமையாக விடுங்கள், பக்கத்து நிரலில் ‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்றும் அந்த எல்லை எவ்வளவு என்றும் எழுதுங்கள். அதைவிட முக்கியம், பணம் கட்ட முன்னரே ஆய்வுகூடத்திடம் அந்த எல்லையைக் கேட்பது. மலிவான பரிசோதனை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மலிவாகியிருக்கும்.

கழித்தல் குறியை விடுவது

ரொறன்ரோவின் நெடுங்கோடு மேற்கே 79.4, ஆகவே –79.4. அந்தச் சிறு கோடு இல்லாவிட்டால் உங்கள் மாதிரி கசக்ஸ்தானில், அல்மாட்டி நகருக்குக் கிழக்கே எடுத்ததாகிவிடும். தரவை வரைபடத்தில் ஒருதரம் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

04/05/2023

ஏப்ரலா, மே மாதமா? 2023-05-04 என்று எழுதுங்கள்.

நேரத்தை எழுதாமல் விடுவது

பாசி நிறைந்த தண்ணீரில் கரைந்த ஒட்சிசன் விடியற்காலையில் இறங்கி, வெயில் ஏறிய பின்னேரம் உச்சத்தில் நிற்கும். ஒரு வாரம் காலையில், அடுத்த வாரம் பின்னேரம் என்று அளந்துவிட்டு ‘ஒட்சிசன் கூடுகிறது’ என்பதில் அர்த்தமே இல்லை. எந்த நேர வலயம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மிச்சிகன் ஏரியின் இரு கரைகளுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்.

மேல் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு ஏரியை அளந்தேன் என்பது

கரையில் நின்று வாளியால் அள்ளுவது சுலபம், அதனால் எல்லாரும் அதையே செய்கிறார்கள். ஈரி ஏரியின் நடுப்பகுதியில் கோடை முடியும்போது மேலே சூடான தண்ணீர், அடியில் குளிர்ந்த ஒரு மெல்லிய அடுக்கு. அந்த அடி அடுக்கில் ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய்விடும், மீன் அங்கே தங்க முடியாது. மேலே அள்ளிய வாளிக்கு இது தெரியவே தெரியாது. போதாததற்கு ஈரி ஆழமில்லாத ஏரி, நீளவாக்கில் மேற்கிலிருந்து காற்று அடித்தால் தண்ணீர் முழுக்க பஃபலோ பக்கம் ஒதுங்கி, இரு முனைகளுக்கும் நீர்மட்டத்தில் இரண்டு மீற்றருக்கும் மேல் வித்தியாசம் வரும். காற்று நின்றதும் அது திரும்ப ஆடும். இந்த ஆட்டத்தில் அடியில் கிடக்கும் ஒட்சிசன் இல்லாத தண்ணீர் சில நேரம் கரைக்கே வந்துவிடுகிறது. ஆகவே எந்த ஆழத்தில் எடுத்தது, அன்றும் முதல் நாளும் காற்று எந்தப் பக்கம், இரண்டும் குறிப்பில் இருக்க வேண்டும். படகு இல்லையா? பரவாயில்லை, கரையில் அளந்தது என்று எழுதுங்கள், அதற்கும் பயன் இருக்கிறது.

தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சந்தோசப்படுவது

1980-களின் கடைசியில் கப்பல்களின் நிலைப்படுத்தும் நீரோடு வந்து சேர்ந்த வரிமட்டிகளும் அவற்றின் உறவான குவாகா மட்டிகளும் மிதவை நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிடுவதால் தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது. அதே நுண்ணுயிர்களை நம்பித்தான் மீன் குஞ்சுகளும் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்கும் செக்கி வட்டைத் தண்ணீருக்குள் இறக்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள்.

பிடிஎஃப்

வேண்டாம். கணினி நேரே வாசிக்கும் சிஎஸ்வி கோப்பாக அனுப்புங்கள்.

யாருடைய தண்ணீர் என்று கேட்காமல் தரவைப் பொதுவில் போடுவது

திறந்த தரவு நல்லது, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் பேரேரிகளைச் சுற்றி முதற்குடிகளின் நிலங்கள் நிறைய இருக்கின்றன. தங்கள் தரவின் உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் தங்களிடமே இருக்க வேண்டும் என்று கனடாவின் முதற்குடிகள் வகுத்துக்கொண்ட நெறி ஒன்று உண்டு. அவர்களுடைய கரையில், அவர்களோடு சேர்ந்து எடுத்த அளவுகளை, குறிப்பாக மீன் முட்டையிடும் இடங்களையோ காட்டரிசி விளையும் இடங்களையோ காட்டும் புள்ளிகளை, அவர்களிடம் கேட்காமல் தளத்தில் ஏற்றிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்பது முறையில்லை. மாதிரி எடுக்கப் போகும் முன்பே பேசுங்கள். சரி என்றார்கள் என்றால், என்ன உரிமத்தில் போடுகிறோம் என்பதையும் கோப்போடு சேர்த்து எழுதுங்கள், உரிமம் இல்லாத கோப்பைப் பொறுப்பான ஆய்வாளர் யாரும் தொடமாட்டார்.

தொடர்புக்கு மாணவரின் பல்கலைக்கழக மின்னஞ்சல்

அவர் படித்து முடித்துப் போனதும் அதைப் பார்க்க ஆளிருக்காது. குழுவுக்கென்று ஒரு முகவரி திறந்து, கடவுச்சொல்லை இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.