கொழந்தை பொறந்தப்புறம் வேலைய விடாம இருக்க என்ன பண்ணலாம்

மொதல்ல லீவ ஹெச்ஆர் கிட்ட மெயில்ல கேளுங்க, வாய்ப்பேச்சு வேணாம். மகப்பேறு சலுகை சட்டத்துல வந்த 2017 திருத்தத்துக்கு அப்புறம் மொத ரெண்டு கொழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு, ஆனா பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாளாவது அங்க வேலை பாத்திருக்கணும். 50 பேரும் அதுக்கு மேலயும் இருக்கற எடம்னா கிரெச் (வேலை நேரத்துல பிள்ளைய பாத்துக்கற எடம்) வசதி குடுக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பிள்ளைய பாத்துட்டு வரலாம், இத நெறைய பேர் கேக்கறதே இல்ல.

அடுத்து வீடு, இதான் பெரிய தலவலி. வீட்டுக்காரர் "ஹெல்ப் பண்றேன்"னு சொன்னா ஏமாந்துடாதீங்க, அப்படின்னா மொத்த வேலையும் உங்களோடது அவரு சும்மா கை குடுக்கறாருன்னு ஆயிடும், அதனால காலைல டிபன் அவரு, பிள்ளைய குளிப்பாட்டறது அவருன்னு பிரிச்சுடுங்க, லீவு முடிய ஒரு மாசம் இருக்கும்போதே பழக்குங்க. மாமியார் ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுப்பாங்க, வெச்சுக்கட்டும்.

தமிழ்நாட்டுல பஸ்ல போறவங்க சாதாரண கட்டண டவுன் பஸ்ஸா பாத்து ஏறுங்க, 2021லேந்து நமக்கு டிக்கெட் ஃப்ரீ.