திறந்த அறிவியல் திட்டமா? முதலில் பதவி உயர்வுப் படிவத்தை எடுங்கள்

பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுத் தரவுகளைக் கவனிப்பது என் வேலை. கட்டுரை, தரவு, நிரல் எல்லாவற்றையும் யாரும் பார்த்துப் பயன்படுத்தும்படி வெளியிடும் திறந்த அறிவியலுக்கு மாறத் திட்டம் போடுங்கள் என்று நிர்வாகம் சொன்னதும் பலர் கொள்கை அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது பதவி உயர்வு விண்ணப்பப் படிவத்தை. அதில் ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டருக்கு (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணுக்கு) மட்டும்தான் கட்டம் இருக்கிறதென்றால், ஓர் இளம் ஆய்வாளர் தன் தரவை ஒழுங்குபடுத்தி வெளியிட ஏன் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்? தரவுத்தொகுப்பு, மென்பொருள் நிரல், பிறர் ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்த முயற்சி ஆகியவற்றுக்கும் அந்தப் படிவத்தில் இடம் கொடுங்கள்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் 2008இல், தன் ஆசிரியர்களின் கட்டுரைகளை இணையத்தில் சேமித்துப் பகிரும் ஓர்பி என்ற களஞ்சியத்தைத் திறந்தது. அதில் ஏற்றிய கட்டுரைகளைத்தான் உள் மதிப்பீட்டில் பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டது. ஆசிரியர்கள் தாங்களாகவே ஏற்றத் தொடங்கினார்கள். பணியமர்த்தலிலும் பதவி உயர்விலும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கைவிடுவதாக நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2021இல் அறிவித்தது.

அடுத்து, ஆட்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு புலத்திலும், தரவை ஒழுங்குபடுத்தவும் பகிரவும் ஆய்வாளர்களுக்கு உதவும் ஒரு தரவுப் பொறுப்பாளரை அமர்த்தியது. துறையின் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்து அறையில் இருந்தால் ஆய்வாளர்கள் தயங்காமல் போய்க் கேட்பார்கள். இதைத் தற்காலிகப் பதவியாக வைக்காதீர்கள். ஆள் போனால் அவர் சேர்த்த நம்பிக்கையும் போய்விடும்.

தரவுப் பொறுப்பாளரை ஆய்வு தொடங்குமுன்பே ஆய்வாளரோடு உட்கார வையுங்கள். முக்கியமாக ஒப்புதல் படிவம். "ஆய்வுக் குழுவைத் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள், முடிந்ததும் அழித்துவிடுவோம்" என்று பங்கேற்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு பகிர வழியே இல்லை. அந்த வாக்கை மீறவும் கூடாது. ஆகவே நெறிமுறைக் குழுவின் மாதிரிப் படிவத்திலேயே, பெயர் நீக்கிய தரவைப் பிற ஆய்வாளர்களுக்குத் தர விருப்பமா என்ற கேள்வியைச் சேர்க்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் நான் விடாப்பிடியாக நிற்பேன். நோயாளிகளின் விவரம், பழங்குடிச் சமூகங்களின் அறிவு போன்றவற்றைப் பூட்டி வைப்பதும் சரியே. என்ன தரவு இருக்கிறது என்ற விவரக்குறிப்பை மட்டும் வெளியே வைத்து, யார், எப்படிக் கேட்டுப் பெறலாம் என்று எழுதிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டுரையை வெளியிட எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் இதழ்களுக்கே நிதி முழுவதையும் கொட்டாதீர்கள். ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2008இல் வாக்களித்து ஏற்றதுபோல, கட்டுரையைப் பகிரும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே தரும் விதி இருந்தால், இதழ் ஏற்றுக்கொண்ட இறுதிப் பிரதியைச் செலவில்லாமல் களஞ்சியத்தில் வைக்கலாம். மிச்சமாகும் தொகையில், எழுதுபவரிடமும் வாசிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்களுக்குக் கை கொடுங்கள்.

ஆண்டுக்கொருமுறை களஞ்சியத்திலிருந்து சில தரவுத்தொகுப்புகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அந்த ஆய்வில் தொடர்பில்லாத ஒரு முனைவர்பட்ட மாணவரிடம் கொடுங்கள். கூட இருக்கும் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கோப்பைத் திறந்து, நிரலை ஓட்டி, கட்டுரையிலுள்ள அட்டவணையை எட்டுகிறாரா என்று பாருங்கள். அவர் எங்கே நின்றுபோகிறாரோ, அடுத்த ஆண்டின் பயிற்சியை அங்கிருந்து திட்டமிடுங்கள்.