600 என்று எழுதியிருந்தது, 360தான் கிடைத்தது: கணினிக்கு யு.பி.எஸ். வாங்கும் கணக்கு

நீளமான வீடியோ ஒன்றைத் தொகுத்து முடித்துக் கணினியை ஓடவிட்டிருந்தேன். மின்சாரம் போனது. புது யு.பி.எஸ். இருக்கிறதே என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அது ஒரு முறை நீளமாக அலறிவிட்டுத் தானும் அணைந்தது. பேட்டரி புதிது, இணைப்பு சரி. பிழை என் கணக்கில்தான் இருந்தது.

படி 1: உண்மையில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது?

எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்பெட்டி) மீது 550 வாட் என்று இருந்தால், அது கொடுக்கக்கூடிய உச்சம்; உங்கள் கணினி எடுக்கும் அளவு அல்ல. மடிக்கணினி அடாப்டரில் ‘100-240 வோல்ட், 1.5 ஆம்பியர்’ என்று இருப்பதைப் பார்த்து 230-ஐ 1.5-ஆல் பெருக்கி 345 என்று பயப்படவும் வேண்டாம். அந்த ஆம்பியர், 100 வோல்ட்டில் வரக்கூடிய மோசமான நிலைக்கானது. அதே அடாப்டர் வெளியே தருவது 65 வாட்தான்.

ஆகவே அளந்துவிடுங்கள். சுவர் பிளக்குக்கும் கணினிக்கும் நடுவே செருகும் வாட் மீட்டர் இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் வீட்டு மின் மீட்டரே போதும். அதில் ‘ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு’ என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினிக்கு உங்கள் மிகக் கனமான வேலையைக் கொடுத்து, சிவப்பு விளக்கு சிமிட்டுவதை எண்ணுங்கள். 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, சிமிட்டல்களால் பெருக்கி, விநாடிகளால் வகுத்தால் வாட். என் வீட்டில் 60 விநாடிக்கு 20 சிமிட்டல்: 1125 × 20 ÷ 60 = 375 வாட். கணினி, திரை, ரூட்டர் மூன்றும் சேர்த்து. இணையத்தில் கிடைக்கும் வாட் கணிப்பான்களை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் தாராளமாக ஏற்றிச் சொல்கின்றன.

படி 2: வி.ஏ. வேறு, வாட் வேறு

நான் சறுக்கிய இடம் இதுதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த 600, வோல்ட்-ஆம்பியர், அதாவது வி.ஏ. பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 360 வாட். நான் பார்த்தது முன்பக்கம் மட்டும்.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? பழைய, மலிவான எஸ்.எம்.பி.எஸ்.கள் மின்சாரத்தைச் சீராக எடுப்பதில்லை. மின்னழுத்த அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். காலை எட்டரை மணிக்கு மட்டும் பிதுங்கி வழியும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதையும் சராசரி பார்த்தால் கூட்டம் குறைவு. ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்காகப் பெரிய பஸ் விட வேண்டியிருக்கிறது. சராசரி வேலை வாட். அதற்காக வயர் தாங்க வேண்டிய மின்னோட்டத்தைச் சொல்வது வி.ஏ. இரண்டுக்கும் உள்ள விகிதமே திறன் காரணி. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது 0.65 அளவில் இருக்கும், ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ளதில் 0.95-க்கு மேல்.

என்னுடையது இரண்டாம் வகை. 375-ஐ 0.98-ஆல் வகுத்தால் சுமார் 383 வி.ஏ. 600-க்குள் தாராளமாக அடங்குகிறது. ஆனால் வாட் எல்லை 360. அங்கே 15 வாட் மிஞ்சியது, அலறல் அதற்குத்தான். இரண்டு எல்லைகளுக்குள்ளும் உங்கள் சுமை அடங்க வேண்டும். ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாவிட்டால் அந்த யு.பி.எஸ். உங்களுக்கானது அல்ல.

அளந்ததற்கு மேல் கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு 469 வாட் வந்தது. 1000 வி.ஏ., 600 வாட் வாங்கினேன்.

படி 3: எவ்வளவு நேரம் தாங்கும்?

சிறிய யு.பி.எஸ்.களில் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. என் 375-இல் ஏறத்தாழப் பாதி, 190 வாட் சுமைக்கு 26 நிமிடம் வரும் என்று காகிதம் சொல்லும். என் பழைய பெட்டி எட்டு நிமிடத்தில் படுத்துவிட்டது. அந்த 7 என்ற எண், 20 மணி நேரம் மெதுவாக, 0.35 ஆம்பியர் வீதம் இறக்கினால் கிடைப்பது. நாம் கிட்டத்தட்ட 20 ஆம்பியர் உறிஞ்சுகிறோம். போதாக்குறைக்கு மாற்றத்திலும் இழப்பு உண்டு. காகிதக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை நம்புங்கள். கோப்பைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் போய் மதியம் வரும் மின்தடைக்கு வேண்டியது இன்வெர்ட்டர். அதில் யு.பி.எஸ். நிலைக்கு மாற்றும் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள்; அப்போதுதான் அது பேட்டரிக்கு வேகமாக மாறும். முழுச் சுமையில், மேசைக் கணினிகளில் வழக்கமாக இருக்கும் ஏ.டி.எக்ஸ். வகை எஸ்.எம்.பி.எஸ். மின்சாரமின்றித் தாங்குவது ஏறத்தாழ 16 மில்லிவிநாடிதான்.

பின்சேர்க்கை: “வாட் கணக்கு சரியாகவே இருக்கிறது, ஆனாலும் மின்சாரம் போனதும் கணினி அணைகிறது” என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மலிவு யு.பி.எஸ்.கள் தருவது படிக்கட்டு போன்ற அலை. ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள சில எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு அது ஒத்துவருவதில்லை. சுவர் மின்சாரம் போலவே வழவழப்பாக ஏறி இறங்கும் சைன் அலை தரும் வகைதான் தீர்வு. விலை கூடுதலானாலும் இதில் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன்.

இன்னொன்று: லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகியிருப்பதாக இருவர் சொன்னார்கள். உடனே கழற்றுங்கள். மையை உருக்கும் அதன் சூடேற்றி, கணினியைவிடப் பல மடங்கு மின்சாரத்தை ஒரே நொடியில் கேட்கும்.

வாங்கி வந்ததும் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, சேமிக்க வேண்டிய கோப்பு எதுவும் திறந்திராதபோது, கனமான வேலையை ஓடவிட்டுச் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், சுவர் சுவிட்சை அணையுங்கள். பிடுங்கினால் எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.