வீடு வாங்குமுன் கரண்ட் வேலையைச் சோதிப்பது எப்படி?

உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபார்ப்பவர்கள்கூட மெயின் போர்ட் மூடியைத் திறந்து பார்க்காமலே முற்பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். புதுப் பெயின்ட் அடித்த சுவருக்குள் நாற்பது வருடத்து வயர் ஓடலாம். முதற்கட்டச் சோதனையை நீங்களே செய்யலாம், அரை மணித்தியாலம் போதும். ஆனால் போர்டின் உட்தகட்டை நீங்கள் கழற்ற வேண்டாம். அது எலக்ட்ரீஷியனின் வேலை.

கரண்ட் கசிந்தால் வீடு முழுவதையும் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சில் தொடங்குங்கள். வீட்டிலுள்ள எல்லா லைட், ஃபான், ஏசியையும் போடுங்கள். பிறகு ட்ரிப் சுவிட்சில் 'T' என்று போட்டிருக்கும் பொத்தானை அழுத்துங்கள். வீடு முழுவதும் அணைய வேண்டும். அணைந்த நிலையிலேயே ஒரு மேசை விளக்கை எடுத்துப்போய் ஒவ்வொரு பிளக் பொயின்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். எங்காவது ஒன்று எரிந்தால், அந்த லைனை யாரோ ட்ரிப் சுவிட்சுக்கு வெளியே எடுத்திருக்கிறார்கள். மழைக்கு ஒழுகும் ஸ்லாப், ஈரமான வெளி லைட் என்று ஏதோ ஒன்றால் அடிக்கடி ட்ரிப் ஆகியிருக்கும். கோளாறைத் தேடாமல் குறுக்குவழியில் போயிருப்பார்கள். சுவிட்சின் முகப்பில் 30mA அல்லது 0.03A என்று இருக்கிறதா பாருங்கள். 100 அல்லது 300 mA என்றால், ஆளுக்குக் கரண்ட் அடிக்கும்போது அதை நம்ப முடியாது. ட்ரிப் சுவிட்சே இல்லாமல் பீங்கான் ஃபியூஸ் மட்டும் இருந்தால், முழு வயரிங்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்தே பேசுங்கள்.

பலரும் ஏமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். பொத்தானை அழுத்தியதும் ட்ரிப் ஆனால் எர்த்தும் சரி என்று நினைக்கிறார்கள். அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சிறு கசிவை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் அது ட்ரிப் ஆகும். இலங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பாதுகாப்பு அதனதன் நிலத்தில் அடித்த எர்த் கம்பிதான். அந்தக் கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜின் உடலில் லைவ் பட்டால் 230 ÷ 50, அதாவது 4.6 அம்பியர்தான் ஓடும். அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் மட்டுமே விழும் 16 அம்பியர் பிரேக்கர் அசையாது. காப்பாற்றக்கூடியது ட்ரிப் சுவிட்ச் மட்டுமே. ஆள் தொடுமுன்னரே அது துண்டிக்க நல்ல எர்த் வேண்டும்.

எனவே எர்த் கம்பி எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோர ஒழுங்கைகளில் முற்றத்துக்கு டைல்ஸ் பதித்துக் கம்பியையே மூடிவிட்ட வீடுகள் உண்டு. கம்பி கண்ணுக்குத் தெரிந்தால் கிளாம்பை உற்றுப் பாருங்கள்: உப்புக் காற்றில் பச்சை பூத்து, நட்டைத் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தால் அந்த இணைப்பு இருந்தும் பயனில்லை. மணல் நிலம் கோடையில் காய்ந்தால் தடை இன்னும் கூடும்.

அடுத்தது வயர். சிவப்பு, கறுப்பு, பச்சை பழைய நிறங்கள். பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் புதியவை. ஒரே போர்டில் இரண்டும் இருந்தால், பிறகு சேர்த்த பகுதி எங்கே, பழையதோடு எங்கே இணைத்தார்கள் என்று கேட்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கப் பழைய வீடுகளில் மரச் சட்டத்தில் ஓடும் இறப்பர் வயர் எஞ்சியிருந்தால், அதைத் தொட்டு வளைத்துப் பார்க்காதீர்கள். காய்ந்த இறப்பர் உடைந்து விழும்.

லைட்டுக்கு 1/1.13 (1 சதுர மி.மீ.), பிளக்குக்கு 7/0.67 (2.5 சதுர மி.மீ.) வயர் வழக்கம். பிளக் லைனில் 32 அம்பியர் பிரேக்கர் இருந்தால், அதில் எத்தனை வயர் முடிகிறது என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிங் (பிளக்குகளைச் சுற்றிப் போர்டுக்கே திரும்பிவரும் லைன்) என்றால் இரண்டு வயர் இருக்கும். ஒரே 7/0.67 வயர் என்றால், அடிக்கடி விழுந்த பிரேக்கரை எடுத்துவிட்டுப் பெரியதைப் போட்டிருக்கக்கூடும். பிரேக்கர் விழுமுன் வயர் எரியும்.

சிங்கிள் ஃபேஸ் 30 அம்பியர் இணைப்பு உங்கள் குடும்பத்துக்குப் போதுமா என்று கணக்குப் போடுங்கள். 12,000 பிடியூ ஏசி இரண்டு ஏறக்குறைய 12 அம்பியர், 3.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் 15, கேத்தல் 9. மொத்தம் 36. இரவு ஏழு மணிக்கு எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் விழலாம். ஹீட்டருக்குத் தனி பிரேக்கரும் லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம்.

தொடர்மாடி என்றால், மீற்றர் நேரடியாக மின் விநியோகத்தாருடையதா, நிர்வாகத்தின் சப் மீற்றரா என்று கேளுங்கள். எந்த வீடானாலும் கடைசி 12 மாத பில், நிலுவை, வீட்டுப் பாவனைக் கட்டணமா என்பதைப் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தால் அதன் ஒப்பந்தத்தையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இவ்வளவும் தேறிய பிறகு, விற்பவரோ தரகரோ கூட்டிவராத எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு மூன்று அளவுகளை எழுத்தில் வாங்குங்கள்: எர்த் கம்பியின் தடை, 500 வோல்ட்டில் வயர் இன்சுலேஷன் (1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது), ட்ரிப் சுவிட்ச் 15 mA-இல் விழாமல், 30 mA-இல் 0.3 செக்கனுக்குள் விழுகிறதா என்பது. இரண்டு மூன்று பிளக் பொயின்டைக் கழற்றியும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் வயர் இல்லாத இடத்தில் எர்த் முனையை நியூட்ரலோடு கொளுவியிருந்தால், சாதாரண பிளக் டெஸ்டர் அதைச் சரி என்றே காட்டும். அளவுகள் கைக்கு வந்த பிறகு முற்பணம் பற்றிப் பேசுங்கள்.