வாடகைச் சுவரில் தோரணம்: ஒட்டுவதும் எடுப்பதும்

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் இருப்பது வாடகை பிளாட். ஆணி அடித்தால் டெபாசிட்டில் பிடிப்பார்கள். அதனால் தீபாவளித் தோரணத்தை, இழுத்தால் கழன்றுவரும் ஒட்டுப்பட்டை வைத்த கொக்கியில்தான் மாட்டுகிறேன்.

ஒட்டும் முன் ஸ்பிரிட் தொட்ட துணியால் சுவரைத் துடையுங்கள். சோப்புத் தண்ணீர் வேண்டாம், அதன் படலம் பிடிப்பைக் கெடுக்கும். 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்தே பாரம் ஏற்றுங்கள். புதுச் சாயம் என்றால் ஒரு வாரமாவது பொறுங்கள்.

எடுப்பதில்தான் கவனம் வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து, சுவரை ஒட்டியபடியே நேர் கீழே மெதுவாக இழுங்கள். உங்கள் பக்கம் இழுத்தால் சாயம் பெயர்ந்துவிடும். பட்டை ரப்பர்போல நீளும். நீள நீள மெலிந்து, பசை தானாகவே சுவரை விடும். ஒரு சாணுக்கு மேல் நீண்டாலும் பயப்படாதீர்கள், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மறு கையால் கொக்கியை லேசாகப் பிடித்தால் போதும், அழுத்தாதீர்கள்.

நுனி அறுந்துபோனால் ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பல் இடுக்கில் விடும் நூலைக் கொக்கிக்குப் பின்னால் செலுத்தி மெல்ல அறுங்கள்.

சாயம் பூசும்போது ஓரத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப் வேறு வகை. காருக்கு இரு நிறம் பூசுவோருக்காக 1925-இல் 3M நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ உருவாக்கியது. சாயம் முழுதும் காயும் முன்பே அதைச் சாய்வாக உரித்துவிடுங்கள்.